"அற்பனுக்கு வாழ்வு வந்தா", "தலையெடுத்துட்டான்": ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். ஒரு தமிழ்ச் சிறுகதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நாயகன் லோடு ஆட்டோ ஓட்டியவன். புறவழிச்சாலைக்கு நிலம் போய், வந்த இழப்பீட்டில் மாடி வீடு கட்டி, காரும் வாங்கிவிடுகிறான். அவனைப் பார்த்து டீக்கடைக்காரர், "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பான்" என்கிறார். அவன் அம்மா, "எம் புள்ள தலையெடுத்துட்டான்" என்கிறாள். அகராதியைப் புரட்டினால் நூவோ ரீஷ் (புதுப்பணக்காரன்), அப்ஸ்டார்ட் (திடீரென்று மேலே வந்தவன்), பார்வெனு (அதே பொருளில் பிரெஞ்சுச் சொல்), ரேக்ஸ் டு ரிச்சஸ் (கந்தலிலிருந்து செல்வத்துக்கு) என்று வந்துகொண்டே இருக்கிறது. எதை எங்கே போடுவது? அம்மாவின் வரிதான் எனக்கு முக்கியம். கதையே அதில்தான் நிற்கிறது.

அடிவரி எழுதியது:

நான் படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறவள். டீக்கடைக்காரர் வாயில் நூவோ ரீஷ் வேண்டாம், அது வரவேற்பறையில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் சொல். பார்வெனு அதைவிட மோசம், வாசகர் நின்று அர்த்தம் தேடுவார். கடையில் நின்று ஒருவர் வெடுக்கென்று சொல்வது மாதிரி வேண்டுமென்றால் "டூ பிக் ஃபார் ஹிஸ் பூட்ஸ்", தலைக்கனம் ஏறிவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் பிரிட்டிஷ் வாடை பரவாயில்லை என்றால் "கெட்டிங் அபவ் ஹிம்செல்ஃப்", தன் நிலை மறக்கிறான் என்று அர்த்தம். இரண்டும் யாருக்கும் உடனே புரியும். பழமொழியை அப்படியே பெயர்த்து வைக்கலாமா என்பதை மட்டும் மற்றவர்கள் சொல்லட்டும்.

கோட்டை வாசகன் எழுதியது:

ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வரலாறு விரும்பிப் படிக்கிறவன். இந்த இரண்டு ஆசையும் சந்திக்கிற கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அகராதி அந்தச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறது, சொன்னவர் எங்கே நின்று சொன்னார் என்பதைக் காட்டுவதில்லை. அப்ஸ்டார்ட் என்பது மேலே இருப்பவர் கீழே பார்த்து எறிகிற சொல். 1592இல் ராபர்ட் கிரீன் பெயரில் வந்த ஒரு சிறுநூல் ஷேக்ஸ்பியரைத்தான் 'அப்ஸ்டார்ட் க்ரோ' (திடீரென்று மேலே வந்த காக்கை) என்று திட்டியது. கிரீன் கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கியவர். ஷேக்ஸ்பியரோ ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை தைத்து விற்றவரின் மகன், பல்கலைக்கழக வாசல் மிதிக்காதவர். நாடகம் எப்படி என்பதைவிட, இவன் எப்படி எங்கள் வரிசையில் வந்து நிற்கலாம் என்ற எரிச்சல்தான் அதில் பெரிதாகத் தெரிகிறது.

நம் ஊரோடு நேரடியாகத் தொடர்புள்ள சொல் ஒன்றும் உண்டு: நபாப். நவாப் என்பதுதான் ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆனது. இந்தியாவில் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பி, பண்ணையும் மாளிகையும் நாடாளுமன்ற இடமும் வாங்கிய கம்பெனிக்காரர்களை லண்டனில் இப்படித்தான் கரித்துக்கொட்டினார்கள். ராபர்ட் கிளைவ் 1744இல் சென்னைக்கு வந்தபோது ஆண்டுக்கு 5 பவுண்டு சம்பளம் வாங்கிய எழுத்தர். 1762இல் அவர் பிரபு. அவருக்கு முன்னாலேயே, 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்த தாமஸ் பிட், இங்கே இருந்தபோது ஒரு பெரிய கோல்கொண்டா வைரத்தை வாங்கினார். 1717இல் அதை பிரான்சின் ஆட்சிக் காவலருக்கு (சிறுவனாக இருந்த மன்னருக்காக ஆண்டவர்) 1,35,000 பவுண்டுக்கு விற்றார். இப்போது அது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் குடும்பம் அப்புறம் இங்கிலாந்துக்கு இரண்டு பிரதமர்களைத் தந்தது. அதில் மூத்தவர், தாமஸ் பிட்டின் பேரன், 1770இல் பிரபுக்கள் சபையில் எழுந்து, ஆசியச் செல்வம் வந்து கொட்டி நாட்டைக் கெடுக்கிறது என்று பேசினார்! குடும்பத்துக்குள் வந்த பணம் இரண்டு தலைமுறையில் பழம்பணம் ஆகிவிட்டது, அடுத்தவன் பணம்தான் புதுப்பணம். இந்தச் சொற்களை எல்லாம் வாசிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பேச்சுதான்.

நியூயார்க்கிலும் இதே கதை. பழைய குடும்பங்கள் தங்கள் ஓபரா அரங்கின் பெட்டி இருக்கைகளைப் புதுப்பணக்காரர்களுக்குக் கொடுக்கவில்லை. அவர்கள் சேர்ந்து சொந்தமாகவே ஓர் அரங்கு கட்டினார்கள். 1883இல் திறந்த மெட்ரோபாலிட்டன் ஓபரா அதுதான்.

இப்போது உங்கள் பழமொழிக்கு வருகிறேன். குடையை வெறும் 'அம்ப்ரெல்லா' என்று போட்டால், ராத்திரியில் மழையா என்றுதான் ஆங்கில வாசகர் நினைப்பார். அந்தக் குடை மழைக்கு இல்லை. குடை அரசுக்கும் அந்தஸ்துக்கும் அடையாளம். குடை பிடிக்கவும் செருப்புப் போடவும் சிலருக்கு அனுமதியே இல்லாத ஊர்கள் இங்கே இருந்தன. "உனக்கு எதுக்குடா குடை?" என்பதுதான் அந்த வசவின் முள். இங்கிலாந்திலும் 1574இல் முதலாம் எலிசபெத் யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று ஆணை போட்டார். ஊதாப் பட்டு அரச குடும்பத்துக்கும் உயர்ந்த பிரபுக்களுக்கும் மட்டும். அந்த மனநிலையில் பிறந்த ஆங்கிலப் பழமொழிதான் 'பெக்கர் ஆன் ஹார்ஸ்பேக்': பிச்சைக்காரனைக் குதிரையில் ஏற்றினால் நேரே நரகத்துக்கு ஓட்டுவான் என்பது. குடைக்கு அங்கே குதிரை. பொருள் கச்சிதமாக விழுகிறது, ஆனால் இன்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. உங்கள் டீக்கடைக்காரர் வயதானவர் என்றால் தைரியமாகப் போடுங்கள். இளையவர் என்றால் அடிவரி சொன்னதுதான் சரி.

அம்மாவின் வரிக்கு மேலே சொன்ன எதுவும் ஆகாது, எல்லாவற்றிலும் விஷம் இருக்கிறது. "மை பாய்ஸ் மேட் குட்" என்று பாருங்கள். ஊரில் நம்ம பையன் முன்னுக்கு வந்துவிட்டான் என்று பெருமையாகச் சொல்லும்போது ஆங்கிலேயர் வாயில் இயல்பாக வருவது அது. சின்ன வரி, சின்னச் சொற்கள். ஒரு தாய் சொல்வது போலவே இருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. குடையைப் பற்றி நீங்கள் சொன்ன பிறகு அந்த டீக்கடைக் காட்சியையே மறுபடி வாசித்தேன். கடைக்காரர் அவனுக்குத் தனி டம்ளரில் டீ கொடுத்து வந்தவர் என்று கதையில் நாலு பக்கம் முன்னாலேயே வருகிறது. அந்தப் பழமொழி சும்மா வந்ததில்லை. அவருக்கு அறுபது வயது என்பதால் குதிரையே வைக்கிறேன். இன்னொரு சந்தேகம்: பின்னட்டையில் 'ரேக்ஸ் டு ரிச்சஸ்' கதை என்று போடலாமா என்று பதிப்பகத்தில் கேட்கிறார்கள்.

கோட்டை வாசகன் எழுதியது:

போட விடாதீர்கள், தயவுசெய்து. அந்தத் தொடர் ஆண்ட்ரூ கார்னகி மாதிரி ஆட்களுக்கு. பஞ்சாலையில் வாரம் 1.20 டாலர் கூலிக்குத் தொடங்கி, 1901இல் எஃகுக் கம்பெனியை 48 கோடி டாலருக்கு விற்றவர். உழைத்து ஏறினான் என்ற பாராட்டு அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் ஆள் ஏறவில்லை, பரம்பரை நிலத்தை இழந்தான், பணம் வந்தது. அதற்கு ஆங்கிலத்தில் "கேம் இன்டு மணி" என்பார்கள். சொத்தோ ஈடோ கைக்கு வந்தால் சொல்வது, புகழ்ச்சியும் இல்லை இகழ்ச்சியும் இல்லை.

அடிவரி எழுதியது:

அதேதான். அம்மா வரியில் 'மேட் குட்'டுக்குப் பின்னால் "ஆஃப்டர் ஆல்" (கடைசியில் எப்படியோ) மாதிரி எதையும் சேர்த்துவிடாதீர்கள், எடிட்டர் கேட்டாலும். சேர்த்தால் அவளும் சந்தேகப்பட்டிருந்தாள் என்று ஆகிவிடும்.