யாழ்ப்பாணத்தில் 4கே வட்டு சேர்ப்பவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நல்லூர், இழையைத் தொடங்கியவர்

யாழ்ப்பாணத்தில் 4கே ப்ளூ-ரே, அதாவது மிகக் கூர்மையான படம் தரும் சினிமா வட்டு, விற்கிற கடை ஒன்றை நான் இன்னும் காணவில்லை. என் அலமாரியில் இருப்பவை எல்லாம் யாரோ ஒருவரின் பயணப் பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே வந்தவை. லண்டன் சித்தி கொண்டுவந்தது, ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் கொண்டுவந்தது, பாரிஸ் சிநேகிதன் யாரிடமோ கொடுத்துவிட்டது. தபாலில் எடுப்பிக்கலாம்தான், ஆனால் அனுப்புகூலியும் வரியும் சேர்ந்தால் கட்டுப்படியாகாது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஆட்கள் வரத் தொடங்கும் காலம்தான் எனக்குக் கொள்முதல் காலம். "சொக்லேட் வேண்டாம், சென்ட் வேண்டாம், நான் அனுப்புற பட்டியலில ஒன்றைக் கொண்டுவாங்கோ" என்று ஆனியிலேயே சொல்லி வைத்துவிடுவேன்.

இப்படிச் சேர்ப்பவர்களுக்கு முதலில் வருகிற தலையிடி வலயப் பூட்டு, அதாவது ஒரு வலயத்துக்கென்று பூட்டிய வட்டு வேறு வலயத்துப் பிளேயரில் ஓடாது. சாதாரண ப்ளூ-ரேக்கு உலகத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவும் கனடாவும் ஏ, மேற்கு ஐரோப்பாவும் அவுஸ்திரேலியாவும் பி, இந்தியாவும் இலங்கையும் சி. சொந்தக்காரர் எல்லாம் ஏயிலும் பியிலும், பிளேயர் மட்டும் சியில்! எல்லா வட்டும் பூட்டியிருப்பதில்லை, பூட்டாமல் வருவதும் நிறைய. ஆனால் சித்தி ஆசையோடு வாங்கிவந்த ஒன்று பூட்டியதாகப் போய்விட்டது. "காசு குடுத்து வாங்கினதுதானே, பிறகேன் ஓடாது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு விளங்கப்படுத்தி முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிட்டது.

2016இல் 4கே ப்ளூ-ரே வந்தபோது இந்தப் பூட்டை வைக்கவில்லை. லண்டனில் வாங்கினால் என்ன, ரொறன்ரோவில் வாங்கினால் என்ன, கோண்டாவிலில் ஓடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெட்டிக்குள் பல நேரம் இரண்டு வட்டு இருக்கும். 4கே வட்டில் படம், கூட இருக்கும் சாதாரண ப்ளூ-ரேயில் நேர்காணல், படப்பிடிப்புக் காட்சிகள். அந்த இரண்டாவது வட்டு பூட்டியிருக்கலாம்.

ஸ்ட்ரீமிங்கிலும் 4கே வருகிறதே, இந்தப் பாடு எதற்கு என்று வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். வாய்ப் பேச்சில் இதை நிரூபிக்க முடியாது. நான் இருட்டுக் காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டுவேன். இரவு, மழை, புகை, ஒரு மங்கலான விளக்கு. ஸ்ட்ரீமிங்கில் அந்தக் கறுப்பு கட்டம் கட்டமாக உடையும், வானத்தில் வரி வரியாகப் பட்டை தெரியும். புள்ளிகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான், 3840க்கு 2160. ஆனால் நெட்வழியாக வருவது செக்கனுக்கு 15 முதல் 25 மெகாபிட் அளவில் நசுக்கப்பட்டு வருகிறது. வட்டில் 100 மெகாபிட்டையும் தாண்டலாம். 66 ஜிபி, 100 ஜிபி என்று வட்டின் கொள்ளளவு இருப்பதால் நசுக்க வேண்டிய தேவை குறைவு. ஒலி இதைவிட மோசம். நெட்ஃபிளிக்ஸில் அட்மோஸ் என்ற, நாலாபக்கமும் கேட்கும் ஒலிக்குக் கிடைக்கும் உச்சம் 768 கிலோபிட். வட்டிலோ ஒலிக்கூடத்தில் கலந்தது இழப்பில்லாமல் அப்படியே வரும். நல்ல அம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் இருந்தால் எங்கள் வீட்டு நாயே வித்தியாசம் கண்டுபிடிக்கும். ரீவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு இந்தப் பந்தி தேவையில்லை.

சரி, மற்றவர்கள் சொல்லுங்கள்.

வல்வெட்டித்துறை

எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்றுக்கு இரும்பு மட்டும்தான் பயம் என்று நினைக்காதீர்கள். பழைய வீசிடி, டிவிடிகளை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளிம்பிலிருந்து வெள்ளிப் பூச்சு அரித்து, புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும். மாரி காலத்தில் மூடிய அலமாரிக்குள் பூஞ்சணமும் பிடிக்கும். அப்பா சேர்த்தவற்றில் பாதிக்குமேல் அப்படித்தான் போனது. அவற்றில் பெரும்பாலானவை மலிவு வெற்று வட்டில் எழுதிய கொப்பிகள் என்பதையும் சொல்லவேண்டும். ஆலையில் அச்சடித்தவை அவ்வளவு சுலபமாகப் போகவில்லை.

ப்ளூ-ரேயில் தரவு இருக்கும் படை மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில்தான். டிவிடியில் அது 0.6, அதாவது வட்டின் தடிப்புக்கு நடுவில். அதனால்தான் ப்ளூ-ரேக்கு மேலே கடினப் பூச்சு ஒன்று போடுகிறார்கள். சின்னக் கீறலை அது தாங்கும், ஆழமாக விழுந்தால் கதை முடிந்தது. டிவிடியைப் போல உரசி மினுக்கித் திருத்தவும் வழியில்லை. துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், சுற்றிச் சுற்றி அல்ல. சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பைகளை எறியாமல் அலமாரித் தட்டில் போட்டு வைக்கிறேன். அயலவர்களுக்கும் சொல்லி வைத்திருப்பதால் யார் சப்பாத்து வாங்கினாலும் அந்தப் பை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

கொக்குவில்

நான் கொம்பியூட்டரில் பார்க்கலாம் என்று நம்பி டிரைவ் வாங்கியவன். யாரும் அந்தப் பக்கம் போகவேண்டாம். 4கே வட்டை முறைப்படி ஓட்டுகிற மென்பொருளுக்கு இன்டெல் சிப்பில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவை. 11ஆம் தலைமுறையிலிருந்து சாதாரணக் கொம்பியூட்டர்களுக்கான கோர் சிப்புகளில் இன்டெல் அதை எடுத்துவிட்டது. அதாவது பழைய மெஷினில் ஓடும், புதிய மெஷினில் ஓடாது. உலகத்தில் வேறெந்தச் சாமானுக்கும் இப்படி நடந்து நான் கேள்விப்பட்டதில்லை.

இப்போது பிளேஸ்டேஷன் 5இல் பார்க்கிறேன். வட்டு போடும் வாயில் உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும். வெளிச்சத்தையும் இருட்டையும் நன்றாகக் காட்டும் முறைகளில் டொல்பி விஷன் அதில் வராது, எச்டிஆர்10 வரும், எனக்கு அது காணும். பிளேஸ்டேஷன் 4 ப்ரோவை யாராவது "4கே ஓடும்" என்று உங்களுக்கு விற்கப் பார்த்தால் ஏமாறாதீர்கள், 4கே வட்டு அதில் ஓடவே ஓடாது.

டேட்டா கணக்கையும் சொல்கிறேன். நெட்டில் பார்க்கும் இரண்டரை மணி நேரப் படம், செக்கனுக்கு 16 மெகாபிட் என்று வைத்தால் ஏறத்தாழ 18 ஜிபி. மாதப் பொதியை வைத்துச் சீவிக்கும் வீட்டில் ஒரு கிழமை முடிவில் இரண்டு படம் பார்த்தால் தங்கச்சியின் சூம் வகுப்புக்கு ஆபத்து. வட்டு ஒருமுறை காசு, பேந்து எத்தனை தரம் பார்த்தாலும் மீற்றர் ஓடாது.

சுன்னாகம்

தம்பிமாரே, நான் கடை வைத்திருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் முதற்பாதியில் இங்கே கரண்டே இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர், ஒரு ரீவி, ஒரு வீடியோ டெக் என்று வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் படம் பார்ப்போம். கொப்பியின் கொப்பியின் கொப்பி. முகம் தெரியாது, குரலை வைத்துத்தான் சிவாஜியா ஜெமினியா என்று பிடிப்போம். 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து வீசிடியும் டிவிடியும் லொறிக் கணக்கில் வந்தன. அந்த அலையில்தான் நானும் கடை போட்டேன். கடையில் இருந்தவை அநேகமாகத் திருட்டுக் கொப்பிதான், மறைத்து என்ன பயன்? ஒரிஜினல் என்று பார்த்தால் லண்டன் ஐங்கரன் நிறுவனம் வெளியிட்டவை வரும். பெட்டியும் உறையும் பார்க்கவே வடிவாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விட்டுப்போனவற்றைக் காட்சிக்கு வைத்திருந்தேன், விற்கவில்லை. பின்னாளில் இந்தியாவின் மோசர் பேயர் நிறுவனம் ஒரிஜினலையே மலிவாகக் கொடுத்தது. திருட்டுக் கொப்பியின் விலைக்கு நல்ல வட்டு. அந்த நிறுவனமும் 2018இல் மூடும் நிலைக்கு வந்துவிட்டது.

இப்போது உங்களிடம் என் கேள்வி. இவ்வளவு செலவழித்துச் சேர்க்கிறீர்கள், அதில் தமிழ்ப் படம் எத்தனை? என் மருமகன் தன் அலமாரியைக் காட்டினான். அநேகமாக எல்லாம் இங்கிலீஷ். இரண்டு ஜப்பான் படம். தமிழில் சில சாதாரண ப்ளூ-ரே இருந்தன, 4கேயில் ஒன்றுமில்லை. எங்கள் சொந்தப் படங்களின் நிலை இன்னும் பரிதாபம். 1972இல் வி. எஸ். துரைராஜா தயாரித்த குத்துவிளக்கு, 1977இல் தர்மசேன பத்திராஜ இயக்கிய பொன்மணி, இரண்டும் யாழ்ப்பாண மண்ணில் எடுத்தவை. எங்கள் வீதிகள், எங்கள் பேச்சு. அவற்றை நல்ல தரத்தில் ஒரு வட்டாக என் கையில் யாரும் தந்ததில்லை, நான் விற்றதும் இல்லை. அப்படி ஒன்று வரட்டும், பிளேயர் வாங்க நானும் காசு எடுத்து வைக்கிறேன். அதுவரைக்கும் யூரியூப் போதும்.

ஸ்காபரோ, ஊர் அச்சுவேலி

சுன்னாகம் அண்ணை சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. நான் வேறொன்று சொல்ல வந்தேன்.

ஊரில் தம்பிக்குக் கொடுக்க இங்கிருந்து பிளேயர் கொண்டுவர நினைப்பவர்கள் பின்பக்கத்தில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் சரி. 120 என்று மட்டும் இருந்தால் ஊரில் 230 வோல்ட்டுக்கு நேரே செருகக்கூடாது, இறக்கி மாற்றும் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். நான் கொண்டுவந்தது அப்படிப்பட்டது. ட்ரான்ஸ்ஃபோமரின் நிறை பிளேயரைவிடக் கூட.

வாங்க நினைப்பவர்கள் ஆறப்போடவும் வேண்டாம். ஒப்போ 2018இல் பிளேயர் செய்வதை விட்டது, சாம்சுங் 2019இல் புதிது வெளியிடுவதை நிறுத்தியது, எல்ஜியும் இப்போது விலகிவிட்டது. மிஞ்சியது சோனி, பானசோனிக் என்று ஒரு சிலதான். அமெரிக்காவில் பெஸ்ட் பை என்ற பெரிய கடைத்தொடர் 2024இல் கடையில் வட்டு விற்பதையே நிறுத்திவிட்டது. கடைகள் குறையக் குறையச் சிறு நிறுவனங்கள் பழைய படங்களைத் துப்புரவாக்கி, தடித்த கையேடு ஒன்றும் சேர்த்து, குறைந்த எண்ணிக்கையில் வெளியிடுகின்றன. விலையும் அதற்கேற்ப. ஒரு காலத்தில் சாமான், இப்போது ஆபரணம்.

திருநெல்வேலி

சேர்ப்பவர் என் கணவர், தூசி தட்டுபவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது ஒரு நாளில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, நினைவிருக்கிறதா? எங்களிடம் இன்வேர்ட்டரும் பற்றரியும் இருந்தன. ரீவிக்கும் பிளேயருக்கும் அது தாங்கும். ஆனால் அயலில் கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் படுத்துவிடும், ரூட்டர் சும்மா கண் சிமிட்டிக்கொண்டு இருக்கும். அந்த மாதங்களில் எங்கள் குறிச்சியில் படம் ஓடிய வீடு எங்கள் வீடுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் விறாந்தையில். அதற்கு முதல் "காசைக் கரியாக்கிறீங்கள்" என்று நான் சொல்லாத நாளில்லை. இப்போதும் சொல்கிறேன், ஆனால் குரலை உயர்த்துவதில்லை.

ஒரு குறை இருக்கிறது. மாமிக்கு இங்கிலீஷ் படம் என்றால் தமிழ் ஒலி வேண்டும். இந்தியாவில் வெளியான சில ப்ளூ-ரேகளில் அது இருக்கிறது. லண்டனிலிருந்து வருபவற்றில் பிரெஞ்சு, ஸ்பானிஷ், போலிஷ் எல்லாம் இருக்கும், தமிழ் இராது. ஸ்ட்ரீமிங்கில் அதே படத்துக்குத் தமிழ் ஒலி இருக்கிறது. ஆகவே இரண்டும் வேண்டும் என்கிறார் இவர். எப்படிச் சுற்றிவந்தாலும் செலவு எங்களுக்குத்தான்.

நல்லூர், இழையைத் தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. சுன்னாகம் அண்ணையின் அடி பலமாகப் பட்டது, என் அலமாரியும் அவருடைய மருமகனின் அலமாரி போலத்தான். 4கே வட்டு நன்றாக வரவேண்டுமென்றால் மூல நெகட்டிவ் நல்ல நிலையில் எங்காவது இருக்கவேண்டும், அதை ஸ்கான் செய்யக் காசு போடவும் ஆள் வேண்டும். எங்கள் படங்களுக்கு இதில் முதலாவதே சந்தேகம்.

"வட்டு வாங்கினால் படம் உனக்குச் சொந்தம்" என்கிற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் உண்மை இருக்கிறது. இணையத்தில் "வாங்கு" என்ற பொத்தானை அழுத்தினாலும் உங்களுக்குக் கிடைப்பது பார்ப்பதற்கான அனுமதி மட்டும்தான். கலிபோர்னியாவில் 2025 முதல் விற்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று சட்டமே வந்திருக்கிறது. உரிமம் முடிந்து படம் காணாமல் போவதையும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தப் பயத்தில் கண்டதையெல்லாம் வாங்கிக் குவிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புதிய படம் 25 பவுண் என்றால் எங்கள் காசில் பத்தாயிரத்தைத் தொடுகிறது. திரும்பத் திரும்பப் பார்க்காத படத்துக்கு அது அநியாயம். இன்னொன்று, உறையில் 4கே என்று போட்டதெல்லாம் உண்மையான 4கே அல்ல. 2000களின் பல படங்கள் எடிட்டிங் முடிந்து 4கேயைவிடக் குறைந்த புள்ளிகள் கொண்ட 2கே அளவில்தான் கடைசிப் பிரதி எடுக்கப்பட்டன, வட்டுக்காகப் பெருப்பித்தார்கள். வண்ணத்தில் கொஞ்சம் லாபம் இருக்கும், கூர்மையில் பெரிதாக ஒன்றும் இராது. அதைவிட ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்திய, பிலிமில் எடுத்த படம் ஒன்றை ஒழுங்காக ஸ்கான் செய்து போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

சித்தி குடும்பம் இந்த முறையும் திருவிழாவுக்கு வருகிறது. அவரின் பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்கிறதாம். யாருக்காவது ஏதாவது வேண்டுமென்றால் வைகாசி முடிவதற்குள் எனக்குத் தனியாக எழுதுங்கள். 4கே மட்டும்தான், சாதாரண ப்ளூ-ரே கேட்கவேண்டாம், அவருக்கு மறுபடியும் வலயம் விளங்கப்படுத்த என்னால் முடியாது. தகரப் பெட்டி வெளியீடுகளும் வேண்டாம், போன முறை வந்தது ஒரு மூலை நசுங்கித்தான் வந்தது. காசு முன்கூட்டியே.