சிப்பியிடம் கற்பதா, கணினியிடம் கேட்பதா?

நத்தைக்கூடு:
முத்துச்சிப்பியின் உள்பளபளப்பைப் போன்ற பொருளை வடிவமைக்க இனிக் கணினியே போதும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பளபளப்பான அடுக்கின் எடையில் சுமார் 95 சதவீதம் அரகோனைட் என்ற கனிமம், சுண்ணாம்புக்கல்லுக்குப் பங்காளி. தனியாக எடுத்துத் தட்டினால் நொறுங்கும். சிப்பியோ அதை அரை மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தகடுகளாக்கி, செங்கல் சுவர் போல் அடுக்கி, நடுவே புரதப் பசை வைத்திருக்கிறது. விரிசல் நேராக ஓட வழியின்றி, வளைந்து வளைந்து ஓய்ந்துபோகிறது. இதையெல்லாம் நுண்ணோக்கியே கதியென்று கிடந்தவர்கள்தான் கண்டார்கள்.

சதுரங்கன்:
எழுதியவன் நான்தான் ஐயா. "போதும்" என்ற சொல் என் பதிவில் இல்லை. வடிவமைக்கும் பொருளின் மேல் 8க்கு 8 கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் கெட்டிப் பொருளா, இளகிய பொருளா என்று இரண்டே தேர்வு. மொத்தம் சுமார் 1,84,000 கோடி கோடி அமைப்புகள்! சதுரங்கப் பலகையில் நெல்மணி கேட்ட கதைதான். இதில் நல்லதை எந்த நுண்ணோக்கியால் தேடுவீர்கள்? 2018-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் பியூலரின் ஆய்வுக் குழு, பற்பல அமைப்புகளின் வலிமையைக் கணக்கிட்டுக் கணினியைப் பழக்கியது. கணினி தேர்ந்தெடுத்தவற்றை அந்தக் குழு 3டி அச்சில் எடுத்து இழுத்தும் பார்த்தது.

நத்தைக்கூடு:
கட்டத்தைப் போட்டது யார்? நீங்கள். அதற்கு வெளியே கணினி எட்டிப் பார்க்காது. 2006-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஓர் ஆய்வுக் குழு, கடல்நீர் உறையும்போது பனிக்கட்டி உப்பை ஓரங்கட்டுவதைக் கவனித்தது. பீங்கான் துகள் கரைசலை அதே போல உறையவைத்து, பனியை நீக்கி, சிப்பியைப் போன்ற அடுக்குகளைப் பெற்றது. இந்த யோசனை எந்தத் தரவுத்தளத்தில் இருந்தது?

பட்டறைவாசி:
இருவருக்கும் நடுவே நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் கணினி தேர்ந்தெடுத்த ஓர் அமைப்பை அச்சிட்டு இழுத்தேன். கெட்டிப் பகுதி அப்படியே இருந்தது, இளகிய பகுதியும் கிழியவில்லை. இரண்டும் சேரும் கோட்டில், ஒட்டுப்படத்தை உரித்ததுபோலச் சுத்தமாகப் பிரிந்துவிட்டது. விரலால் தடவினால் வழவழவென்றிருக்கிறது.

சதுரங்கன்:
அந்த ஒட்டின் வலிமையை அளந்து கணக்கில் சேர்த்தீர்களா?

பட்டறைவாசி:
இல்லை. முழுதாக ஒட்டியிருப்பதாக வைத்துக்கொண்டேன்.

சதுரங்கன்:
பிறகு கணினியைக் குறை சொன்னால் எப்படி?

நத்தைக்கூடு:
நான் சொல்லவந்ததும் அதுதான் தம்பி. சிப்பியின் பசை 20, 30 நானோமீட்டர்தான். வித்தை முழுவதும் அங்கே. நீங்கள் அதை ஒரு கோடாக வரைந்துவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள்.

சதுரங்கன்:
அளந்து கொடுங்கள், கோட்டை எடுத்துவிடுகிறேன்.

பட்டறைவாசி:
இன்னும் ஐந்து துண்டுகள் இருக்கின்றன. உரித்து அளந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எண்களைப் போடுகிறேன். அதுவரை சண்டையை நிறுத்திவிடாதீர்கள்.