போக்குவரத்து இரைச்சல் அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய குடியிருப்பை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள், அதற்கான இரைச்சல் அறிக்கை கைக்கு வந்திருக்கிறது. வாகனங்கள் இரண்டு மடங்கானாலும் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று எழுதியிருக்கிறார்கள். டெசிபல் என்பது நேராகக் கூட்டும் கணக்கு இல்லை, மடக்கைக் (log) கணக்கு என்பதால் 3 சரிதான், ஆனால் அது வண்டிகளின் வகையும் வேகமும் மாறாமல் இருந்தால். இங்கே வரப்போவதோ கட்டுமான லாரிகள், படுக்கையறை ஜன்னலுக்கு நேரே உள்ள வேகத்தடையில் ஒரு காலி லாரி ஏறி இறங்கினாலே இப்போதே கண்ணாடி கிடுகிடுக்கிறது. அளந்ததும் ஒரே ஒரு நாள், பகலில். உலக சுகாதார அமைப்பு 2018-இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில் சாலை இரைச்சலுக்கு இரவில் 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று தனியாகவே சொல்லியிருக்கிறது, இந்த அறிக்கையில் இரவு என்ற பேச்சே இல்லை.

அப்புறம், கைபேசிச் செயலியில் நானே அளந்து பார்த்தேன், காற்றடித்தாலே எண் தாவுகிறது, அதை நம்பி ஒன்றும் எழுத முடியாது. சரி, கேள்விக்கு வருகிறேன்: மறுப்பு எழுதும்போது இரவு அளவீடு கேட்பதா, லாரிகளின் பங்கைத் தனியாகக் காட்டச் சொல்வதா, எதை முதலில் பிடிப்பது? சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 3 டெசிபல் வரை கூட்டிக் காட்டுமாம், அப்படியானால் மீட்டரை எங்கே வைத்தார்கள் என்றும் கேட்க வேண்டுமா? இப்படி அறிக்கை பார்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.