இங்கிலாந்தில் அலொட்மென்ட் தோட்டம்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து புதிதாக வந்தோருக்கு

களுதாவளையிலிருந்து அண்மையில் லண்டனுக்கு வந்திருக்கும் தங்கை ஒருவர், அலொட்மென்ட், அதாவது உள்ளூர்க் கவுன்சில் பயிர்செய்ய வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டொன்று கிடைத்தால் கோடையில் என்னென்ன வைக்கலாம் என்று கேட்டிருந்தார். எழுவான்கரை மணலில் கொச்சிக்காயும் கத்தரியும் விளைவித்த கைக்கு இங்குள்ள வேலை கடினமானதல்ல. காலத்தை மட்டுமே புதிதாகக் கற்க வேண்டும். ஊரில் மாரி மழையையும் கச்சான் காற்றையும் பார்த்துப் பயிர் வைத்தோம். இங்கே உறைபனியும் பகலின் நீளமுமே அதைத் தீர்மானிக்கின்றன.

முதலில் உங்கள் பகுதிக் கவுன்சிலில் பெயரைப் பதிந்துவிடுங்கள். பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. முழுத் துண்டு ஏறத்தாழ 250 சதுர மீற்றர், அதாவது நம் காணிக் கணக்கில் 10 பேர்ச். வேலைக்குப் போய்வருபவருக்கு அரைத் துண்டே போதும், ஏனெனில் களை மண்ட விட்டால் துண்டைத் திருப்பி எடுத்துவிடுவார்கள்.

தென் இங்கிலாந்தில் மே நடுப்பகுதி வரையிலும் இரவில் உறைபனி விழக்கூடும். ஏப்ரலில் நல்ல வெயில் எறிப்பதைக் கண்டு கத்தரி நாற்றை வெளியே நட்டால், ஒரே இரவில் அதன் இலைகள் அவித்த கீரைபோலக் கறுத்துத் துவண்டுவிடும். ஆகவே கொச்சிக்காய், கத்தரி விதைகளைப் பெப்ரவரியிலும் தக்காளியை மார்ச்சிலும் பூசணியை ஏப்ரலிலும் வீட்டுக்குள் வெளிச்சமான யன்னலோரத்தில் முளைக்க வைத்து, மே பிற்பகுதியில் ஒரு வாரமளவு பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பழக்கிய பின்பே நிலத்தில் நடுங்கள். பாகல், புடோல், வெண்டிக்குக் கண்ணாடிக்கூடு வேண்டும். அது இல்லாதவர்கள் முதல் ஆண்டில் அவற்றை விட்டுவிடுவதே நல்லது.

பகலின் நீளத்தைப் பலர் கவனிப்பதில்லை. மட்டக்களப்பில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணிநேரம்; லண்டனில் யூன் மாதத்தில் அது 16 மணிநேரத்தைத் தாண்டும். நம் நாட்டு அவரை வகைகளில் பெரும்பாலானவையும் சிறகவரையும் பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கே அவை கோடை முழுவதும் கொடியும் இலையுமாகப் படர்ந்து, செப்ரெம்பரில் பூவெடுத்து, காய் முற்றுமுன் குளிரில் அடிபடும். எவ்வளவு எருப் போட்டாலும் இது மாறாது. கொத்தமல்லியோ நீண்ட பகலில் விரைவாகப் பூத்துவிடும் என்பதால், ஒரேயடியாக விதைக்காமல் மூன்று வாரத்துக்கொருமுறை சிறிது சிறிதாக விதைக்க வேண்டும்.

அவரைக்குப் பதிலாக ரன்னர் போஞ்சியை மனமார்ந்து பரிந்துரைக்கிறேன். மே கடைசியில் நேரே நிலத்தில் ஊன்றி, ஆளுயரத்துக்கு மேல் கம்பு நட்டுவிட்டால் சிவப்புப் பூவோடு ஏறிவிடும். காயை இரு விரலால் வளைத்தால் சட்டென முறிய வேண்டும். நார் இழுபட்டால் முற்றிவிட்டது என்று அர்த்தம். காயை விட்டுவைத்தால் கொடி பூப்பதைக் குறைத்துவிடும் என்பதால் இரண்டு நாளைக்கொருமுறை பறியுங்கள். பிஞ்சாகப் பறித்துத் தேங்காய்ப்பாலில் வெள்ளைக்கறி வைத்தால் அவ்வளவு ருசி. பச்சையாக மட்டும் உண்ணக் கூடாது.

தண்ணீர் விடயத்தில் ஊர்ப் பழக்கத்தை மாற்ற வேண்டும். கடற்கரை மணலுக்குக் காலையும் மாலையும் இறைத்தோம். லண்டனின் களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மேற்பரப்பு வெடித்துக் கிடந்தாலும் விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. நாளும் மேலே தெளிப்பதைவிட, சில நாளுக்கொருமுறை வேரடியில் நிறைய ஊற்றுவதே பயன் தரும். பல தோட்டங்களில் குழாய் பூட்ட அனுமதியில்லை, தொட்டியில் அள்ளித்தான் ஊற்ற வேண்டும்.

யூலை, ஓகஸ்டில் சூடும் மழையும் சேர்ந்து வந்தால் உருளைக்கிழங்கிலும் தக்காளியிலும் கருகல் நோய் விரைந்து பரவும். இலையில் கபிலத் திட்டுக் கண்டவுடன் உருளைக்கிழங்கின் தண்டுகளைத் தரையோடு வெட்டி அகற்றி, இரண்டு வாரம் பொறுத்துக் கிழங்கைக் கிண்டினால் விளைச்சலின் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம்.

பழங்களில் ஸ்ட்ரோபெரியும் ராஸ்பெரியும் அதிகப் பராமரிப்பைக் கேட்காதவை. புளிப்பான தண்டுக்காக வளர்க்கும் ருபார்ப் செடியை வைத்தால் தண்டை மட்டும் சமையுங்கள். அதன் இலை நஞ்சு, கீரை என்று நினைத்துச் சுண்டிவிடக் கூடாது. ஊருக்குப் போய்வரும்போது தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் விதைகளைப் பொதியில் கொண்டுவராதீர்கள். நம் கத்தரிக்கும் கொச்சிக்காய்க்கும் ஒத்த வகைகள் இங்குள்ள விதைக் கடைகளிலேயே கிடைக்கின்றன.