ட்ரெஞ்ச் என்றார்கள், பள்ளம் வெட்டிவிட்டோம்: உங்களுக்கும் நடந்ததா?

கெடிலக்கரையான்:
கத்தரி நாற்றங்கால், அடித்தண்டு அழுகி நாற்று கொத்துக் கொத்தாகச் சாய்கிறது. மருந்துக்கடையில் காப்பர் ஆக்சிகுளோரைடு கொடுத்து, "லிட்டருக்கு இரண்டரை கிராம், ட்ரெஞ்ச் பண்ணிடுங்க" என்றார்கள். அதை அப்படியே அப்பாவிடம் போனில் சொன்னது நான்தான். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பாத்தியைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். கரைத்த மருந்து முழுக்க அதில் நீலப்பச்சையாகத் தேங்கி நிற்கிறது. மனிதர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, "நல்லா குடிக்குது பாரு" என்கிறார். நாற்று வேரில் ஒரு சொட்டு ஈரமில்லை. கேபிள் புதைக்கிற வேலைக்குப் போனவர், அவருக்கு ட்ரெஞ்ச் என்றால் பள்ளம்தானே. கடையில் சொன்னது வேர் நனைய மருந்தை ஊற்றுகிற drench, அப்பா காதில் விழுந்தது பள்ளம் வெட்டுகிற trench. ஆங்கிலத்தில் முதலெழுத்தாவது வேறு, தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் போச்சு.

ரெயின்போநகர்வாசி:
என் கதையில் பள்ளமே பரவாயில்லை. 2024 ஃபெஞ்சல் புயல், புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அது முடிந்த வாரம் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. ஏன் தாமதம் என்றார்கள். "ஐ ட்ரெஞ்ச்ட் இன் த ரெயின்" என்றேன். எதிரே இருந்தவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றி, "வாட் டிட் யூ ட்ரெஞ்ச்?" என்றார். எனக்கு அப்போதும் புரியவில்லை, "மை ஷர்ட் சார்" என்றேன். பக்கத்தில் இருந்த அம்மா பேப்பரைப் பார்த்தபடி சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நனைந்தேன், நனைத்தேன் வித்தியாசம்தான். அந்தச் சொல் நனைப்பதற்கு. நாம் நனைந்தால் 'காட் ட்ரெஞ்ச்ட்' (got drenched) என்று சொல்ல வேண்டுமாம்.

குறிஞ்சிப்பாடி மாட்டுக்காரன்:
கெடிலக்கரையாரே, உங்கள் அப்பாவைக் கிண்டல் பண்ணாதீர்கள், அவர் சொன்ன 'குடிக்குது'தான் அந்தச் சொல்லின் பழைய அர்த்தமே. ட்ரிங்க் என்றால் குடிப்பது, ட்ரெஞ்ச் என்றால் குடிக்க வைப்பது, நம் உண், ஊட்டு மாதிரி. மாட்டுக்கு வாய்வழியாக மருந்து ஊற்றுவதை டாக்டர்கள் இன்றும் ட்ரெஞ்ச் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் கிடேரிக்கு வயிறு உப்பியபோதுதான் நானே கேட்டேன். சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம், ஊற்றும்போது தலையை வானத்தைப் பார்க்கத் தூக்காதீர்கள், நாக்கை இழுத்துப் பிடிக்காதீர்கள், கடைவாய் ஓரமாகக் குழாயை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் போனால் மாடு பிழைப்பது கஷ்டம். முரண்டு பிடிக்கிற மாடு என்றால் நீங்களே ஊற்றாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், அவர் வயிறு வரைக்கும் குழாய் விடுவார்.

ரெயின்போநகர்வாசி:
அண்ணே, இங்கே யாரிடமும் மாடு இல்லை. ட்ரெஞ்ச்சுக்குக் குடிக்க வைப்பது அர்த்தம் என்றால் அன்றைக்கு மழை எனக்கு என்ன குடிக்க வைத்தது? அதுசரி, அந்தப் பள்ளம் என்ன ஆச்சு?

கெடிலக்கரையான்:
மறுநாள் பூவாளியில் மருந்து எடுத்து வேர் நனைய நானே ஊற்றினேன். அன்று ராத்திரியே நல்ல மழை, பாத்தித் தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஈரம் தேங்கினால்தானே அந்த அழுகல் வரும். பாதி நாற்று தேறியது. மருந்தாலா பள்ளத்தாலா என்று அப்பாவிடம் கேட்கவில்லை, என்ன சொல்வார் என்று தெரியும்.