குடும்பக் குழு: கொட்டகலை வீடு

லண்டன் அக்கா (இரவு 7.42): அம்மா, நீங்கள் லண்டன் வருவதற்கான விசா படிவத்தில் பத்து வருடப் பயணம் என்ற இடத்தில் இந்தியா ஒரே ஒரு தடவைதான் இருக்கிறது. யார் நிரப்பினது?

அத்தை: டவுனில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிற தம்பிதான். 2017இல் திருச்சிக்கு பிளேனில் போனதைச் சொன்னேன்.

அண்ணா: காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் போனீர்களே அத்தை? வேளாங்கண்ணிக்கு?

அத்தை: அது கப்பல்தானே ஐயா. நாலு மணித்தியாலம். பிளேன் கணக்குத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

சித்தப்பா: நீந்திப் போயிருந்தாலும் எழுதத்தான் வேண்டும் அக்கா 😂

அண்ணா: எந்த நாடு, எதற்கு, போன திகதி, வந்த திகதி எல்லாம் கேட்பார்கள். பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதுவோம்.

அத்தை: பிஸ்கட் டின்னில் கிடக்கிறது, மூலை வெட்டினது. போட்டோ அனுப்புகிறேன்.

அத்தை: (7 படங்கள்)

அண்ணா: திருச்சி முத்திரை 2018 ஆகஸ்ட். 2017 இல்லை.

அத்தை: சின்னவன் ஓ.எல். பரீட்சை எழுதின வருடம் என்று கணக்குப் போட்டேன். அவன்தான் இரண்டு தரம் எழுதினானே.

சின்னவன்: அம்மா 😐

லண்டன் அக்கா: குவைத்?

அண்ணா: 2011இல் திரும்பி வந்துவிட்டார். பத்து வருடத்துக்குள் வராது.

லண்டன் அக்கா (8.14): கடைசிப் பக்கத்தில் மங்கலாக ஒரு சின்ன முத்திரை. 2012. கனடாவா அம்மா?

அத்தை (8.31): கனடா அக்கா மகள் கல்யாணத்துக்குப் போக விசா கேட்டேன். தரவில்லை. அப்பாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. தோட்டத்தில் வேலை, வர முடியாது என்றுதான் அக்காவுக்குச் சொன்னேன்.

சித்தப்பா: அதுவும் குவைத் மாதிரித்தான். பழைய கதை. விடுங்கள்.

அண்ணா: இல்லை சித்தப்பா. பயணத்துக்குத்தான் பத்து வருடம். விசா மறுத்தார்களா என்ற கேள்விக்குக் காலக்கணக்கே இல்லை. எப்போதாவது, எந்த நாடாவது என்றுதான் கேட்பார்கள். அங்கே "இல்லை" என்று அடித்து வைத்திருக்கிறார் கொமினிகேசன் தம்பி. பிரிட்டன், கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் இந்த விவரங்களை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்குகிற நாடுகள். மறுத்ததைச் சொன்னால் அதற்காகவே தள்ளிவிட மாட்டார்கள். மறைத்தது என்று பிடித்தால் இந்த விசாவும் போய், பத்து வருடத் தடையும் வரும்.

அத்தை: பத்து வருடமா! பேரப்பிள்ளை வளர்ந்து கோயிலில் புதுநன்மையே வாங்கிவிடுமே.

லண்டன் அக்கா: அனுப்பிவிட்டாரா அம்மா?

அத்தை: இல்லை, நாளைக்குத்தான் காசு கட்டச் சொன்னார்.

அண்ணா: நல்லதாகப் போயிற்று. கனடாக் கடிதம் இருக்கிறதா?

அத்தை: டின்னுக்கு அடியில், ஞானஸ்நானச் சான்றிதழோடு. இங்கிலீஷில் இருந்தது. வாசிக்கச் சொல்லி யாரிடமும் கொடுக்கவில்லை.

அத்தை: (படம்)

அண்ணா (8.52): கல்யாணம் முடிந்ததும் திரும்பி வருவீர்கள் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். வேறு ஒன்றும் இல்லை.

அத்தை: இவ்வளவுதானா? நான் ஏதோ களவு செய்ததாக எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

லண்டன் அக்கா: அம்மா ❤️

அத்தை: காலையில் முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு வருகிறேன் ஐயா. பாஸ்போர்ட் மட்டும் போதுமா?

அண்ணா: டின்னோடு வாருங்கள்.