லிமிடெட் அனிமேஷன்: ‘சிக்கன அசைவூட்டம்’ சரிவருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்,

யோகி கரடி, ஹக்கிள்பெரி ஹவுண்ட் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர்களைப் பற்றிய கட்டுரைக்காக லிமிடெட் அனிமேஷனுக்கு, அதாவது குறைவான படங்களை வரைந்தே அசைவைக் காட்டிவிடும் முறைக்கு, தமிழ்ச்சொல் கேட்டிருந்தார்கள். இதுவரை வந்தவை வரையறுக்கப்பட்ட அசைவூட்டம், குறையசைவூட்டம், சிற்றசைவூட்டம், பகுதி அசைவூட்டம். நான்கிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. என் பரிந்துரை ‘சிக்கன அசைவூட்டம்’. ஏன் என்று சொல்ல அந்தப் பட்டறைக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும், மடல் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொடர்களை எடுத்த வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் முன்பு எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் ஸ்டுடியோவில் டாம் அண்ட் ஜெர்ரி எடுத்துக்கொண்டிருந்தவர்கள், அதற்கு ஏழு ஆஸ்கர் விருதுகள். பழைய படங்களையே மறுபடி திரையிட்டால் போதுமான வருமானம் வருகிறதே, புதிது எதற்கு என்று கணக்குப் பார்த்த எம்ஜிஎம் 1957இல் தன் கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டது. இருவரும் தொலைக்காட்சிப் பக்கம் வந்தார்கள். எம்ஜிஎம்மில் ஒரு குறும்படத்துக்குப் பல பத்தாயிரம் டாலர் கிடைக்கும், இங்கே முதல் தொடரான ரஃப் அண்ட் ரெட்டிக்கு ஐந்து நிமிடப் பகுதி ஒன்றுக்குச் சுமார் 3,000 டாலர்தான். நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்றால் ஏழு நிமிடப் படத்துக்கு 10,080 சட்டகங்கள். வரைந்த ஒரு படத்தை இரண்டு சட்டகம் நிறுத்தினாலும் 5,000 படங்களுக்கு மேல் வரைய வேண்டும், இரண்டு மூன்று பாத்திரங்கள் தனித்தனியாக அசைந்தால் அதுவும் பெருகும். அந்தக் காசில் ஆகிற காரியமில்லை.

என்ன செய்தார்கள்? யோகியின் கழுத்தைக் கவனியுங்கள். உடம்பில் சட்டை இல்லாத கரடிக்குக் காலரும் டையும் மட்டும் எதற்கு? தலையை ஒரு செல்லுலாய்டு தாளிலும் உடம்பை இன்னொன்றிலும் வரைந்தால், பேசும்போது தலையை மட்டும் மாற்றினால் போதும், ஒட்டுப்போட்ட இடத்தைக் காலர் மறைத்துவிடும். யோகியின் தோழன் குட்டிக்கரடி பூபூவுக்கும் ஹக்கிள்பெரி என்ற நாய்க்கும் ஜிங்க்ஸ் பூனைக்கும் கழுத்தில் போ டை இருப்பது இதே தந்திரம். முழுதாக வரையப்பட்ட டாமுக்கு அது தேவைப்படவில்லை, வெறுங்கழுத்தோடுதான் ஓடுகிறது. அப்புறம் நடைக்கு ஒரு சுற்றுப் படங்களை வரைந்து அதையே திரும்பத் திரும்ப ஓட்டுவது, துரத்தும் காட்சியில் அதே மரமும் அதே புதரும் பத்து முறை கடந்துபோவது, மோதலைக் காட்டாமல் சத்தத்தை மட்டும் போட்டுக் கேமராவை உலுக்குவது. தொண்ணூறுகளில் கார்ட்டூன் நெட்வொர்க் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. டாமும் ஜெர்ரியும் பேசுவது அபூர்வம், அங்கே சிரிப்பு முழுவதும் உடம்பில். உடம்பை அசைக்கக் காசில்லாதபோது சிரிப்பு வாய்க்குப் போனது. விலங்குகள் வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தது அப்படித்தான், பேச்சுக்குச் சில வாய் வடிவங்கள் இருந்தால் போதுமே. ஹக்கிள்பெரியின் தென்மாநில இழுவைப் பேச்சு, ஜெல்லிஸ்டோன் பூங்காவில் சுற்றுலாக்காரர்களின் உணவுக்கூடையை அபகரிக்க யோகி அடிக்கும் வாய்ச்சவடால், இரண்டுமே டாஸ் பட்லர் என்ற ஒரே ஆளின் குரல். பூபூவுக்கும் பூங்காக் காவலர் ரேஞ்சர் ஸ்மித்துக்கும் குரல் டான் மெஸ்ஸிக். 1958இல் தொடங்கிய ஹக்கிள்பெரி தொடருக்கு 1960இல் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது, அசைவூட்டத் தொடர் ஒன்றுக்கு அதுதான் முதல் முறை. பக்ஸ் பன்னி படங்களை இயக்கிய சக் ஜோன்ஸ் மட்டும் இந்த வகைப் படங்களைப் ‘படம் போட்ட வானொலி’ என்று கிண்டல் செய்தார். அவர் சொன்னது சரிதான், ஆனால் நல்ல வானொலி.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

> லிமிடெட் என்றால் வரையறுக்கப்பட்ட. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யார் வரையறுத்தார்கள், எதை? இலங்கையில் கம்பனிப் பெயர்ப்பலகைகளில் ‘வரையறுக்கப்பட்டது’ என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏதோ பங்குதாரர் சமாச்சாரம் போலத் தோன்றும். படிக்கிறவருக்கு எதுவும் விளங்காது.

> குறையசைவூட்டம் சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம் சரி, ஆனால் ‘குறை’ குற்றத்தையும் சொல்லும். யூபிஏ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் ஸ்டுடியோ 1950இல் எடுத்த ஜெரால்டு மெக்போயிங்-போயிங் ஆஸ்கர் வாங்கிய குறும்படம். அசைவைக் குறைத்து, பின்னணியைத் தட்டையான வண்ணங்களாக விட்டது, அழகு கருதி வேண்டுமென்றே செய்தது. அதைப் போய்க் குறை என்பதா?

சிற்றசைவு என்றால் அசைவே சின்னது என்று ஆகும். யோகி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரிய அசைவுதான், வரைந்த படங்கள்தான் குறைவு. பகுதி அசைவூட்டம் இவற்றில் மேல், காலர் தந்திரத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் சுழலும் பின்னணியும், படங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும் அதில் அடங்கவில்லை. 1963இல் ஜப்பானில் தெசுகா ஒசாமு ஆஸ்ட்ரோ பாய் எடுத்தபோது ஒரு படத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தினார், அதாவது நொடிக்கு எட்டுப் படம். உடம்பு முழுதும் அசைந்தாலும் அதுவும் இந்த வகைதான்.

சிக்கனம் என்றால் இவை எல்லாம் அடங்கும். காசில்லாமல் செய்ததும் சிக்கனம், அழகுக்காகச் செய்ததும் சிக்கனம். நல்ல எழுத்தைப் பாராட்டும்போது சொற்சிக்கனம் என்கிறோம், அதில் பழிப்பு இல்லை. எதிர்ச்சொல்லான ஃபுல் அனிமேஷனுக்கு ‘முழு அசைவூட்டம்’ போதும், அதில் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

---

ஐயா, வணக்கம்.

காலர் விஷயம் இத்தனை நாள் தெரியாமல் போனதே! சிக்கனம் எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு சிக்கல். இன்று கணினியில் மலிவாக எடுக்கும் முப்பரிமாணப் படத்தையும் சிக்கனம் என்று சொல்லத் தோன்றும். அதில் எல்லாச் சட்டகமும் அசையும், செலவு மட்டும்தான் குறைவு. கட்டுரையைப் படிக்கும் மாணவர் குழம்பமாட்டாரா? தவிர, பகுதி அசைவூட்டம் என்று ஏற்கனவே இரண்டு இடங்களில் எழுதிவிட்டேன், மாற்றுவதென்றால் உறுதியாகச் சொல்லுங்கள்.

---

நல்ல கேள்வி அம்மா. செலவுச் சிக்கனமா, வரைதலில் சிக்கனமா என்று சொல்லிலேயே தெரிய வேண்டும் என்கிறீர்கள். அப்படியென்றால் வரைபடம், வரைகலை வழியில் ‘வரைசிக்கனம்’ என்று வைத்துப் பார்க்கலாம். கட்டுரையில் முதல் முறை வரும் இடத்தில் ‘வரைசிக்கன அசைவூட்டம்’ என்று முழுதாக எழுதி, எதைச் சிக்கனப்படுத்தினார்கள் என்று ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டு, பிறகு ‘சிக்கன அசைவூட்டம்’ என்றே தொடரலாம். ஒவ்வொரு வரியிலும் முழுச் சொல்லையும் போட்டால் படிக்கிறவர் ஓடிவிடுவார். கணினிப் படத்துக்கு ‘குறைந்த செலவு’ என்று சாதாரணமாக எழுதினால் போகிறது, அதற்குக் கலைச்சொல் தேவையில்லை.

பகுதி அசைவூட்டத்தைத் தூக்கிப் போட வேண்டாம். தலை தனி, உடம்பு தனி என்று தாள் பிரிக்கும் உத்திக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அந்த இரண்டு இடங்களும் காலரைப் பற்றி வருகிறதென்றால் மாற்றவே வேண்டாம்.

கூடவே வரும் மற்றவை: திரும்பத் திரும்ப ஓட்டும் நடைக்கு ‘நடைச்சுழல்’, மீண்டும் மீண்டும் கடக்கும் மரம் புதருக்குச் ‘சுழல் பின்னணி’. லிப் சிங்க்குக்கு யாரோ ‘உதட்டொத்திசைவு’ என்று எழுதியிருந்தார்கள், அதைச் சொல்லிப் பார்த்தாலே உதடு ஒட்டிக்கொள்கிறது. சினிமாப் பாட்டுக்கு நாம் சொல்லும் ‘வாயசைப்பு’ இருக்கும்போது அது எதற்கு? மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். சட்டகமா ஃபிரேமா என்ற பழைய தகராறை மட்டும் இந்த இழையில் தயவுசெய்து கிளப்ப வேண்டாம்.